அடுப்பைப் பற்றவைக்க ஒருவர்

நான் வேலை செய்வது ஒரு யூதப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில். சின்னப் பிள்ளைகள் பள்ளி, ஐந்தாம் வகுப்போடு சரி. நான் படித்ததும் ஐந்தாம் வகுப்போடு சரி, வேலூர் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில். அதனால் இங்கே எந்த வகுப்பைப் பார்த்தும் எனக்குப் பயமில்லை என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். உண்மையில் பயம் இருந்தது. படிப்பைப் பற்றியல்ல, மனிதர்களைப் பற்றி. நான்கு பேர் நிற்கிற இடத்தில் எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது. இந்த வயதிலும் தெரியவில்லை.

இங்கே அமெரிக்காவில், நியூஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மகளோடு இருக்கிறேன். அவள் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். அவளோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறது. சமையலறைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அவள்தான் சொன்னாளாம்.

"நாள் பூரா சுவத்த பார்த்துட்டு உக்காந்திருக்கியே, போய்ட்டு வாயேம்மா" என்றாள் மகள். "காய் கட் பண்றது, பாத்திரம் எடுத்து வெக்கறது, அவ்ளோதான். யார்கிட்டயும் பேச வேணாம். கிரீன் கார்டு இருக்கு இல்ல, அப்புறம் என்ன?"

யார்கிட்டயும் பேச வேணாம் என்றதால்தான் சம்மதித்தேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சின்ன வயதிலிருந்து இஸ்ரவேல் ஜனங்கள், இஸ்ரவேல் ஜனங்கள் என்று கேட்டே வளர்ந்தவள் நான். சமுத்திரத்தைக் கடந்து வந்தவர்களை நேரில் பார்க்கப் போகிறேன் என்று கொஞ்சம் நினைத்துக்கொண்டுதான் முதல் நாள் போனேன். அவர்கள் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தார்கள். மூக்கு ஒழுகியது. ஒருத்தி இன்னொருத்தியின் ரிப்பனைப் பிடித்து இழுத்தாள்.

எல்லா விதமான பிள்ளைகளும் அங்கே உண்டு. தலையில் குட்டிக் குல்லா வைத்த பையன்கள், குல்லா வைத்த பெண்கள், குல்லாவே வைக்காதவர்கள். சனிக்கிழமை ஓய்வுநாளில் காரில் ஏறாத வீட்டுப் பிள்ளைகள், பண்டிகைக்கு மட்டும் சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகள். சில பிள்ளைகள் யூதர்களே இல்லை. நம்மூர்ப் பிள்ளைகள்கூட இரண்டு மூன்று பேர். சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளை ஒன்று. பேச்சு வராத பெண் குழந்தை ஒன்று.

அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாப்பிடும் முன் எல்லாரும் வரிசையாகக் கை கழுவி, ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஜெபம் சொல்வார்கள். ஒவ்வொரு நாள் ஒரு பிள்ளை முன்னால் நின்று சொல்ல வேண்டும். அந்தக் குழந்தையின் முறை வரும்போது கழுத்தில் தொங்குகிற சின்னத் திரையை அது விரலால் அழுத்தும். திரை ஜெபத்தைச் சொல்லும். விரல் சரியான இடத்துக்குப் போய்ச் சேர நேரமாகும். அதுவரைக்கும் அத்தனை பிள்ளைகளும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். ஒரு பிள்ளைகூடச் சிணுங்காது. முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஆமென் என்பார்கள். அங்கே எனக்குத் தெரிந்த முதல் வார்த்தை அதுதான். நானும் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன்.

சமையலறையை ஒரு பெரியவர் மேற்பார்வை பார்க்கிறார். என் வயது இருக்கும். கறுப்புக் குல்லா, தடித்த கண்ணாடி, புரூக்ளினிலிருந்து தினமும் வண்டி ஓட்டி வருகிறார். சமைக்கிற எல்லாம் அவர்கள் மதச் சட்டப்படி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. மகள் என்னை அம்மா என்று அறிமுகப்படுத்தியதால் அவரும் அம்மா என்றே கூப்பிடுவார். இறைச்சிக்கு ஒரு பக்கம், பாலுக்கு ஒரு பக்கம். இறைச்சிப் பாத்திரத்துக்குச் சிவப்பு டேப், பால் பாத்திரத்துக்கு நீல டேப். தொட்டிகூட வேறு வேறு. இதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இல்லை. மீன் தின்ற வாயோடு மோர் குடிக்கக் கூடாது என்று அடி வாங்கி வளர்ந்தவள்தானே. ஆனால் ஒருநாள் அவர்களே மீனை ரொட்டியில் வைத்து மேலே சீஸைப் போட்டு உருக்கியபோது நான் தள்ளிப் போய் நின்றேன். அவர் ஒரு துண்டை நீட்டினார். நான் வேண்டாமென்று தலையாட்டினேன்.

"மீன் இறைச்சியில்ல அம்மா, பாலோட சேரலாம்" என்றார்.

"எங்க வீட்ல நோ" என்றேன்.

"ஆண்டவரே, எங்களைவிட ஸ்ட்ரிக்டா ஒரு ஆளு" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு அந்தத் துண்டையும் அவரே தின்றார்.

அவர் பேசுவது எனக்கு ஓரளவு புரியும். பதில் சொல்லத்தான் வராது.

முதல் நாளே ஒன்று நடந்தது. வெங்காயம் நறுக்கி, பானையில் எண்ணெய் ஊற்றி, அடுப்பின் குமிழைத் திருகப் போனேன். எத்தனை வருஷத்துப் பழக்கம், கை தானாகப் போகிறது. அவர் எங்கிருந்தோ வந்து, "வேண்டாம் அம்மா, அது மட்டும் நான்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவரே திருகினார். தீ வந்தது. "இப்ப எல்லாம் நீங்க" என்று கரண்டியைக் கையில் கொடுத்தார். நறுக்கலாம், கிண்டலாம், உப்புப் பார்க்கலாம், இறக்கலாம். தீயை மட்டும் ஒரு யூதர்தான் பற்றவைக்க வேண்டும். அவர்கள் சட்டம் அப்படி.

சாயங்காலம் மகளிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா அநியாயமா இருக்கு. வாசல்ல இவ்ளோ பெருசா எல்லாரும் வெல்கம்னு போர்டு. உள்ள நீ அடுப்ப தொடக்கூடாதா?"

"அவங்க சட்டம். விடு."

"நீ எல்லாத்துக்கும் விடு விடுன்னுதான் சொல்வ."

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. என் அம்மா ஊரில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தாள். மாட்டுக்கொட்டகை கூட்டி, விறகு பிளந்து, பின்வாசலில் அடுக்கி வைப்பாள். அவள் பிளந்த விறகு உள்ளே போகும், அவள் போகக் கூடாது. எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. புதிதாக யாரைப் பார்த்தாலும் அந்தப் பக்கத்தில் முதலில் எந்த ஊர் என்பார்கள், அடுத்தது எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. கல்யாணமாகி ஆவடிக்கு வந்த பிறகு நானும் வீட்டுக்காரரும் இதைப் பேசுவதையே விட்டுவிட்டோம். மகளுக்கு எதற்கு என்று இருந்தோம்.

ஆக, தினமும் காலையில் நான் அடுப்பின் முன்னால் நிற்பேன். அவர் கோட்டைக் கழற்றி மாட்டி, காபி எடுத்துக்கொண்டு, வந்து திருகிவிட்டுப் போவார். அதுவரைக்கும் நிற்பேன். உட்கார்ந்து காத்திருக்கலாம், நாற்காலி இருக்கிறது. ஏனோ உட்கார முடியவில்லை. கால் வலித்தது. ஒருநாள் அல்ல, தினமும். அலுப்பு என்பது வேலையால் வந்ததா, நின்றதால் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிடலாமா என்று வண்டியில் வரும்போது நினைப்பேன். பிள்ளைகள் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் என்று கேட்கும்போது மறந்துவிடுவேன். இப்படியே குளிர்காலம் வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பனி கொட்டியது. பள்ளி தாமதமாகத் திறக்கும் என்று முதல்நாள் ராத்திரியே போனில் செய்தி வந்தது. மகளுக்கு ஆபீஸில் ஏதோ மீட்டிங். அதனால் வழக்கமான நேரத்துக்கே என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். நான் கேரட் சீவினேன், பருப்பைக் கழுவி ஊறவைத்தேன். மைசூர்ப் பருப்பில் சூப்பு, அன்றைக்கு அதுதான் சாப்பாடு. பிள்ளைகள் நனைந்து வந்து சேர்ந்தன. பாட்டுச் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமைக்கு என்று ஒரு பாட்டு உண்டு, ஓய்வுநாளை வரவேற்கிற பாட்டு, மேசையைத் தட்டிக்கொண்டு பாடுவார்கள். பெரியவர் மட்டும் வரவில்லை.

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று சறுக்கி, அவர் வண்டி பின்னால் மாட்டிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. அப்போது தெரியாது. பானையில் பருப்பும் தண்ணீரும் தயாராக இருந்தன. குமிழ் இருந்தது. யாரும் இல்லை.

நான் தொடவில்லை. வேறு யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தாழ்வாரத்துக்கு வந்தேன். வந்த பிறகுதான் புரிந்தது, யாரைக் கூப்பிடுவது? அந்தப் பள்ளியில் வாத்தியார்கள் எல்லா மாதிரியும் இருக்கிறார்கள். கறுப்பர், வெள்ளையர், சீனர். யார் யூதர், யார் இல்லை என்று முகத்தில் எழுதியிருக்குமா? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் யூதரா என்று. ஓவியம் சொல்லிக்கொடுக்கிற பெண் எதிரே வந்தாள். குட் மார்னிங் என்றாள். எனக்கு வாய் வரவில்லை. எந்தத் தெரு என்று என்னைக் கேட்டவர்களின் முகமெல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. அந்தக் கேள்வியை நான் எப்படி ஒருத்தியிடம் கேட்பேன்? அவள் போய்விட்டாள். பிறகு உடற்பயிற்சி வாத்தியார் போனார். அவரும் போய்விட்டார். இன்னும் ஓரிருவர் போனார்கள்.

கடைசியில் ஆபீஸ் அறைக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண் எல்லாரையும் ஹனி என்றுதான் கூப்பிடுவாள். போன் எடுப்பது, அடிபட்ட பிள்ளைக்கு ஐஸ் வைப்பது எல்லாம் அவள்தான். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பாள். அதனாலேயே அவளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

"அடுப்பு" என்று சொல்லி, கையால் திருகிக் காட்டினேன். "அவர் நோ கம்."

"அய்யோ, சூப்பு இன்னும் வைக்கலையா? வா ஹனி, வா" என்று எழுந்து என் முன்னாலேயே விறுவிறுவென்று நடந்தாள். நான் நினைத்தது, அவள் யாரையாவது கூப்பிட்டுத் தருவாள் என்று. அவள் நேராகச் சமையலறைக்குள் போய், அடுப்பின் குமிழில் கையை வைத்தாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"நோ" என்றேன். "யூ நோ. யூ கிறிஸ்டியன். நோ."

வாழ்க்கையில் யாரையும் நான் அப்படித் தடுத்ததில்லை. கை பிடித்ததும் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். முகம் ஒரு நொடி வெறுமையாகிவிட்டது, என்ன செய்தோம் என்று தெரியாத முகம். எனக்கு அந்த முகத்தைத் தெரியும். பின்வாசலில் நின்ற முகம் அது.

பிறகு அவள் நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "ஆமா ஆமா, மறந்தே போச்சு." சுவரில் இருந்த போனை எடுத்து இரண்டாம் வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டாள். உயரமான கறுப்புப் பெண் ஒருத்தி வந்து, குமிழைத் திருகி, "சூப்பு சீக்கிரம் அம்மா, என் பிள்ளைங்க என்னையே தின்னுடும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். முதலில் நான் தாழ்வாரத்தில் அவளையும் பார்த்திருந்தேன். இவள் யூதராக இருக்க மாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

சூப்பு நேரத்துக்கு ஆகிவிட்டது. ஆபீஸ் பெண் வந்து இரண்டு கிண்ணம் குடித்தாள். நான் அவள் பக்கத்தில் போய், "சாரி" என்றேன்.

"எதுக்கு?"

அடுப்பைக் காட்டினேன்.

"ஓ, அதுவா" என்றாள். "எங்கம்மா கிச்சன்ல இதைவிட ரூல்ஸ் ஜாஸ்தி. கரண்டிய தொட்டா அடிப்பாங்க." அவள் உண்மையாகவே மறந்துவிட்டாள். அவளுக்கு அது சமையலறை விதி, அவ்வளவுதான். எனக்கு அப்படி மறக்க வரவில்லை. பிடித்த கை என்னுடையது.

அன்று சாயங்காலம் மகளிடம் வேலையை விடப் போகிறேன் என்றேன்.

"அப்பவே சொன்னேன்ல. உன்ன அடுப்ப தொட விடாத இடத்துல உனக்கென்ன வேலை?"

"என்னைத் தொட வேணாம்னு சொன்னதுக்கு இல்லடி. நான் இன்னொருத்திய தொட வேணாம்னு சொல்லிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. அப்போதுதான் அவள் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். விறகு, பின்வாசல், தெரு எல்லாம். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"என்னன்னு சொல்றது."

"திங்கக்கிழமை நானே போன் பண்ணி சொல்லிடறேன், நீ வரலன்னு."

"வேணாம். அவர்கிட்ட நானே சொல்றேன்" என்றேன். நான்தான் அப்படிச் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு எதுவும் காதில் ஏறவில்லை. சொல்ல வேண்டிய இங்கிலீஷை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை அவர் வந்தார். வெள்ளிக்கிழமை நடந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். "அம்மா, ரொம்ப நன்றி, நீங்க இல்லைன்னா அன்னிக்கு எல்லாம் கெட்டுப்போயிருக்கும்" என்றார். அதைக் கேட்டதும் நான் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் கலைந்துவிட்டது. நன்றி சொல்லுகிற காரியமா அது?

"மை மதர்" என்று ஆரம்பித்தேன். "பெரிய வீடு. விறகு அவ கட். ஃபயர் நோ டச். கிச்சன் நோ. நாங்க லோ காஸ்ட்."

அவர் காபியைக் கீழே வைத்தார். நான் துண்டு துண்டாகச் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். நடுவில் வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லி, அவரும் உட்கார்ந்தார்.

"நீங்க அசுத்தம்னு இந்தச் சட்டம் சொல்லல அம்மா. நீங்க சமைச்சதத்தான் நான் தினமும் சாப்பிடறேன்."

அது உண்மை. முதல் கிண்ணம் அவருக்குத்தான். என் அம்மா கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட அந்தப் பெரிய வீட்டில் குடித்ததில்லை.

"அப்ப எதுக்கு?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய் சொல்லுகிற ஆள் இல்லை. "அந்தக் காலத்துல பெரியவங்க போட்டது. மத்தவங்களோட சேர்ந்து சமைச்சா சேர்ந்து சாப்பிடுவாங்க, சேர்ந்து சாப்பிட்டா கல்யாணம் வரைக்கும் போகும்னு பயம். நாங்க கொஞ்சம் ஜனம். கரைஞ்சு போயிடுவோம்னு பயம்."

"எங்க ஊர்லயும் அதான் பயம்" என்றேன். "கல்யாணம்."

வெளியே பிள்ளைகள் உண்டியலில் காசு போடுகிற சத்தம் கேட்டது. இல்லாதவர்களுக்கென்று தினமும் காலையில் போடுவார்கள். "இதுக்கு எனக்குப் பதில் தெரியல அம்மா" என்றார் கடைசியாக. "தெரிஞ்ச மாதிரி பேசினா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க."

விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வேறு ஒன்று வந்தது. அது என் மனசில் இருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

"சட்டம் உங்களது. நான் தொட மாட்டேன். ஆனா ஸ்டாப் பண்ண மாட்டேன். யார் கையையும் ஸ்டாப் பண்ண மாட்டேன். அது என் வேலை நோ. உங்க வேலை."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி" என்றார். "அது நியாயம்."

அந்த வாரத்தில் அவர் யாரிடமோ போனில் ரொம்ப நேரம் பேசினார். அவர் பற்றவைத்த ஒரு சின்னத் தீயை அணைக்காமலே வைத்திருந்தால், அதிலிருந்து நான் மற்றதைப் பற்றவைத்துக்கொள்ளலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டாம். எனக்கே ஒரு நாள் சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ராத்திரி தீ எரியக் கூடாது என்று தீயணைப்புத் துறைக்காரர் சொல்லிவிட்டார். அத்தோடு அது போயிற்று.

அப்புறம் அவர் செய்தது இதுதான். சாயங்காலம் போகும்போது அடுப்பின் குமிழ்களையெல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிடுவார். காலையில் யார் முதலில் வந்தாலும் திருகுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. தடுக்க வேண்டிய தேவையும் இருக்காது.

"குமிழ கழட்டி வெச்சிட்டா தீர்ந்துடுமா?" என்றாள் மகள்.

"தீரல."

"அப்ப ஏன் போற?"

"அவர் சரின்னு சொன்னாரே."

"அது போதுமா உனக்கு?"

போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னேன். அவள் திட்டிக்கொண்டே தேய்த்தாள். காலையில் தானே எழுந்து காரிலிருந்த பனியைச் சுரண்டினாள்.

இப்போது காலையில் காய் நறுக்கி முடித்ததும் தாழ்வாரத்துக்கு வந்துவிடுகிறேன். அங்கே பிள்ளைகள் ஷூ மாட்டுகிற குட்டி நாற்காலிகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் உட்காருகிறேன். எழுந்திருக்கத்தான் கஷ்டம். கைதூக்கிவிட ஏதாவது ஒரு பிள்ளை வரும். பெரியவர் வரத் தாமதமானால், டீச்சர் கோட்டுப் பையில் குமிழ்கள் கலகலக்க ஓடி வருவாள். அவள் மாட்டித் திருகிவிட்டுப் போன பிறகு நான் உள்ளே போய்ப் பானையைத் தூக்கி வைக்கிறேன்.